சொல்லுக்கு முந்திய நுட்பம்: பயணிகள் வானூர்தியிலும் விண்வெளிப் பயணத்திலும் நானோ கட்டமைப்பின் வரலாறு (1903–2017)

ஆய்வுச் சுருக்கம்

வான்பயணத்திலும் விண்வெளிப் பயணத்திலும் நானோ தொழில்நுட்பத்தின் பங்கு பெரும்பாலும் 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய நிகழ்வாகவே எழுதப்படுகிறது. ஆயினும், முதல் வானூர்தி பறந்த 1903ஆம் ஆண்டிலேயே அதன் எந்திரத்தின் வலிமை நானோமீட்டர் அளவிலான உள்கட்டமைப்பைச் சார்ந்திருந்தது. அலுமினிய உலோகக்கலவைகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இருப்பு, கட்டுப்பாடு, அறிவு என்னும் மூன்று அளவுகோல்களால் இவ்வரலாற்றைக் காலப்பகுப்புச் செய்ய இக்கட்டுரை முயல்கிறது. இம்மூன்றும் ஒரே காலத்தில் தோன்றவில்லை என்பதும், ‘நானோ தொழில்நுட்பம்’ என்னும் சொல்லின் பிறப்பை மட்டும் தொடக்கமாகக் கொண்டால் பட்டறைத் தொழிலாளரின் பங்கு வரலாற்றிலிருந்து மறைந்துவிடும் என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: நானோ கட்டமைப்பு, அலுமினிய உலோகக்கலவை, டூராலுமின், மூப்புக் கடினமாதல், கான்கார்டு, விண்ணோடம், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

ஒரு தொழில்நுட்பம் எப்போது தொடங்குகிறது? அதற்குப் பெயர் வைத்த நாளிலா, அதன் விளைவை மனிதர் பயன்படுத்திய நாளிலா, அதன் காரணத்தை அறிந்த நாளிலா? தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் எதிர்கொள்ளும் அடிப்படை வினா இது. நானோ தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன் 1959 டிசம்பரில் ஆற்றிய உரை, ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி 1974இல் அச்சொல்லை முதன்முதலில் ஆண்டது, எரிக் டிரெக்ஸ்லர் 1986இல் வெளியிட்ட நூல், அமெரிக்க அரசு 2000இல் அறிவித்த தேசிய நானோ தொழில்நுட்ப முனைப்பு என்ற வரிசையிலேயே அதன் வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இவ்வரிசையில் உரையும் சொல்லும் நூலும் அறிவிப்பும் உள்ளன, பொருள் இல்லை.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவில் பருப்பொருளை அறிந்து கட்டுப்படுத்துவதே நானோ தொழில்நுட்பம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. இதில் அளவு, கட்டுப்பாடு, அறிவு ஆகிய மூன்று கூறுகள் பொதிந்துள்ளன. இக்கட்டுரை அவற்றைத் தனித்தனியே பிரித்து, குடிமைப் பயன்பாட்டிலுள்ள வானூர்திகளின் வரலாற்றிலும் விண்கலங்களின் வரலாற்றிலும் ஒவ்வொன்றும் எப்போது தோன்றியது என ஆராய்கிறது. போர் வானூர்திகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

1. இருப்பு: ரைட் சகோதரர்களின் எந்திர உறை

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் வானூர்தி முதன்முறை 12 நொடிகள் பறந்தது. அதை இயக்கிய, ஏறத்தாழ 12 குதிரைத்திறன் கொண்ட எந்திரத்தை, டேட்டன் நகரிலிருந்த அவர்களது மிதிவண்டிக் கடையில் சார்லி டெய்லர் என்னும் எந்திரவினைஞர் உருவாக்கினார். எந்திரத்தின் எடையைக் குறைக்க, அதன் உறை அலுமினியத்துடன் 8 விழுக்காடு செம்பு கலந்த உலோகக்கலவையில் வார்க்கப்பட்டது. தூய அலுமினியம் மென்மையானது; செம்பு சேர்த்தால் அது வலுப்பெறும் என்பது வார்ப்படத் தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது. வலுப்பெறுவதன் காரணம் அன்று எவருக்கும் தெரியாது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், ஃபிராங்க் கேல், மார்த்தா குட்வே ஆகிய ஆய்வாளர்கள் அவ்வெந்திர உறையின் உலோகத்தை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து, முடிவுகளை 1994இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். அலுமினியத்தினுள் செம்பு அணுக்கள் செறிந்த நுண்ணிய பகுதிகள் இருவேறு அளவுகளில் பரவியிருப்பதை அவர்கள் கண்டனர். 10 முதல் 22 நானோமீட்டர் வரையிலான பெரிய பகுதிகள் 1903இல் வார்ப்படம் ஆறியபோதே உருவானவை. ஏறத்தாழ 3 நானோமீட்டர் அளவுள்ள சிறியவை, அதன்பின் தொண்ணூறு ஆண்டுகள் அறை வெப்பநிலையில் மெல்ல உருவானவை.

வரலாற்றுச் சான்றாய்வின் நோக்கில் இது குறிப்பிடத்தக்கது. ஓர் ஓலைச்சுவடியில் மூல எழுத்தையும் பிற்கால இடைச்செருகலையும் பிரித்தறிவது போல, ஒரே உலோகத்துண்டில் 1903ஆம் ஆண்டின் பதிவையும் பிற்காலத்தின் பதிவையும் அவ்வாய்வாளர்கள் பிரித்துக் காட்டினர். அவ்வாறு பிரிக்காவிட்டால், பிற்கால மாற்றத்தைத் தொடக்கநிலையாகத் தவறாகக் கொள்ள நேர்ந்திருக்கும். முதல் வானூர்தியிலேயே நானோ கட்டமைப்பு இருந்தது என்னும் கூற்று, இந்தச் சான்றாய்வால்தான் நிலைபெறுகிறது.

2. அறியாக் கட்டுப்பாடு: வில்ம் முதல் ரிவெட் தொழிலாளர் வரை

நானோ கட்டமைப்பு தானாக அமைந்திருப்பது வேறு. வேண்டும்போது அதை வரவழைப்பது வேறு. இரண்டாவதன் தொடக்கம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. பெர்லினுக்கு அருகே நொய்பாபெல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் வில்ம், 1906இல், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் திடீரெனக் குளிர்வித்தார். எஃகு இவ்வாறு குளிர்ந்தவுடன் கடினமாகும். இவ்வுலோகமோ உடனே கடினமாகவில்லை. வார இறுதிக்குப் பின் மீண்டும் அளந்தபோது அதன் கடினத்தன்மை கூடியிருந்தது என்று தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வெறுமனே வைத்திருந்தாலே உலோகம் வலுப்பெறும் இந்நிகழ்வு ‘மூப்புக் கடினமாதல்’ எனப்பட்டது. டியூரன் நகர ஆலையில் உற்பத்தியான இவ்வுலோகக்கலவை ‘டூராலுமின்’ என்னும் பெயரில் சந்தைக்கு வந்தது.

உலகின் முதல் முழு உலோகப் பயணிகள் வானூர்தியான ‘யுங்கர்ஸ் எஃப் 13’ 1919 ஜூன் 25 அன்று முதன்முறை பறந்தது. நெளிவுகள் கொண்ட டூராலுமின் தகடுகளே அதன் மேற்பரப்பாக அமைந்தன. மூடிய அறையில் நான்கு பயணிகளை ஏற்றிச் சென்ற இவ்வானூர்தி, மரமும் துணியும் கோலோச்சிய காலத்தில் உலோகத்தின் நம்பகத்தன்மையை நிறுவியது. அப்போதும் டூராலுமின் வலிமையின் காரணம் உறுதியாக அறியப்பட்டிருக்கவில்லை.

கட்டுப்பாட்டின் தெளிவான சான்று வானூர்தித் தொழிற்சாலைகளில் கிடைக்கிறது. தகடுகளை இணைக்கும் டூராலுமின் ரிவெட்டுகளைச் சூடாக்கிக் குளிர்வித்த சிறிது நேரத்திற்குள் அடித்துப் பொருத்த வேண்டும். காலந்தாழ்த்தினால் அவை கடினமாகி, அடிக்கும்போது வெடிக்கும். எனவே தொழிலாளர் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டிகளில் வைத்து, வேண்டியபோது எடுத்துப் பயன்படுத்தினர். பொருத்தியபின் அவை வானூர்தியிலேயே கடினமாயின. குளிரில் செம்பு அணுக்களின் நகர்வு மந்தமாவதால் மூப்புறுதல் தாமதமாகிறது என்பது இன்றைய விளக்கம். அவ்விளக்கமின்றியே, எப்போது உறைய வைப்பது, எப்போது எடுப்பது, எவ்வளவு விரைவில் அடிப்பது என்பவற்றை அத்தொழிலாளர் கையளவில் அறிந்திருந்தனர். அணுக்களின் அளவில் நிகழும் ஒரு மாற்றத்தை அவர்கள் பனிக்கட்டியைக் கொண்டு தள்ளிப்போட்டனர் என்று சொல்வது மிகையன்று.

அறிவு இல்லாத கட்டுப்பாட்டுக்கு விலையும் இருந்தது. டூராலுமின் தகடுகள் ஈரத்திலும் கடற்காற்றிலும் உள்ளுக்குள் அரிப்புறுவது 1920களில் கடுஞ்சிக்கலாயிற்று. குளிர்விப்பு மந்தமாக நிகழ்ந்தால், செம்பு செறிந்த துகள்கள் படிகங்களின் எல்லைகளில் படிந்து அவ்வெல்லைகள் வழியே அரிப்பு பரவ இடந்தரும். வெளித்தோற்றத்தில் குறையில்லாத தகடு உள்ளே வலுவிழந்திருக்கக்கூடும். இதற்குத் தீர்வாக 1927இல் ‘ஆல்க்ளாட்’ அறிமுகமாயிற்று. வலிய உலோகக்கலவையின் இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய படலத்தைப் பிணைக்கும் முறை அது. 1935இல் பறந்து, பயணிகள் வான்போக்குவரத்தை வணிக அடிப்படையில் நிலைநிறுத்திய ‘டக்ளஸ் டிசி-3’ இத்தகைய தகடுகளால் கட்டப்பட்டது.

3. அறிவு: கருதுகோளிலிருந்து காட்சிக்கு

யுங்கர்ஸ் வானூர்தி பறந்த அதே 1919ஆம் ஆண்டில், அமெரிக்கத் தரநிர்ணய அலுவலகத்தைச் சேர்ந்த மெரிக்கா, வால்டன்பெர்க், ஸ்காட் ஆகியோர் டூராலுமினுக்கான முதல் ஏற்புடைய விளக்கத்தை வெளியிட்டனர். உயர் வெப்பநிலையில் அலுமினியத்தில் கரையும் செம்பின் அளவு, வெப்பம் குறையும்போது குறைகிறது. திடீரெனக் குளிர்வித்தால், மிகையான செம்பு வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பின்னர் அது மெல்லப் பிரிந்து நுண்துகள்களாகப் படிகிறது. அத்துகள்களே உலோகத்தை வலுவாக்குகின்றன என்பது அவர்களது கருதுகோள்.

இக்கருதுகோளுக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. அத்துகள்களை எவராலும் காண இயலவில்லை. ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பிரித்தறிய முடியாது. விளைவு அளக்கப்பட்டது, காரணம் ஊகிக்கப்பட்டது, ஊகத்துக்கு நேர்ச்சான்று கிட்டவில்லை.

1938இல் பிரான்சில் ஆந்த்ரே கீனியேவும் இங்கிலாந்தில் ஜி. டி. பிரஸ்டனும், ஒருவரையொருவர் சாராமல், எக்ஸ் கதிர்ச் சிதறல் வழியாக இவ்விடைவெளியை நிரப்பினர். மூப்புறும் அலுமினியப் படிகத்தில், செம்பு அணுக்கள் ஓரிரு அணுத்தடிமன் கொண்ட நுண்தட்டுகளாகத் திரள்வதை அவர்களது படங்கள் காட்டின. இத்தட்டுகள் இன்று ‘கீனியே–பிரஸ்டன் மண்டலங்கள்’ என்று வழங்குகின்றன. உலோகம் வளையும்போது அதன் படிக அடுக்குகளில் உள்ள பிறழ்ச்சிகள் நகர்கின்றன. வழியில் நெருக்கமாக அமைந்த இத்தட்டுகள் அந்நகர்வைத் தடுக்கின்றன. தட்டுகள் மிகச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருக்கும் நிலையிலிருந்து ஓரளவு வளரும்வரை வலிமை கூடுகிறது. மேலும் பருத்து இடைவெளி அகன்றால் வலிமை குறைகிறது. உலோகத்துக்கும் இளமை, முதிர்ச்சி, தளர்ச்சி என மூன்று பருவங்கள் உண்டு என்பது இதனால் விளங்கிற்று.

இக்கண்டுபிடிப்பு வெளிவந்தபோது வில்மின் சோதனை நடந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் உலோக வானூர்திகள் கண்டங்களை இணைத்துவிட்டன. இங்கு அறிவியல் வழிகாட்டத் தொழில்நுட்பம் பின்தொடரவில்லை. தொழில்நுட்பம் முன்செல்ல, அறிவியல் அதன் தடத்தைப் படித்தது.

4. மூன்றும் இணைதல்: கான்கார்டும் விண்ணோடமும்

இருப்பு, கட்டுப்பாடு, அறிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்து வடிவமைப்பை வழிநடத்திய இரு நிகழ்வுகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, ஒலியை விஞ்சும் வேகத்தில் பறந்த பயணிகள் வானூர்தி கான்கார்டு. ஒலியின் இருமடங்கு வேகத்தில் காற்றின் அழுத்தமும் உராய்வும் வானூர்தியின் மேற்பரப்பைச் சூடாக்குகின்றன. கான்கார்டின் மூக்குப் பகுதி ஏறத்தாழ 127 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டியது. சாதாரண டூராலுமின் இத்தகைய வெப்பத்தில் பல்லாயிரம் மணிநேரம் இருந்தால் அதன் துகள்கள் பருத்து உலோகம் தளரும். எனவே இயந்திர உறுப்புகளுக்கென முன்னரே உருவாக்கப்பட்ட ‘ஆர்ஆர்58’ என்னும் வெப்பம் தாங்கும் அலுமினியக் கலவை தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்கலவையும் தாங்கும் எல்லையை ஒட்டியே வானூர்தியின் வேகம் ஒலியின் ஏறத்தாழ இருமடங்கு என வரையறுக்கப்பட்டது. அதைவிட வேகமாகப் பறக்கத் திட்டமிட்ட அமெரிக்க ‘போயிங் 2707’ டைட்டேனியத்தை நாட வேண்டியதாயிற்று. அத்திட்டம் 1971இல் கைவிடப்பட்டது. கான்கார்டு 1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்தது. ஒரு பயணிகள் வானூர்தியின் உச்ச வேகத்தைத் தீர்மானித்தவற்றுள், கண்ணுக்குப் புலனாகாத துகள்கள் எவ்வளவு விரைவில் பருக்கும் என்னும் கணக்கும் ஒன்று.

இரண்டாவது, அமெரிக்க விண்ணோடத்தின் புற எரிபொருள் தொட்டி. பன்னாட்டு விண்வெளி நிலையம் பூமியின் நடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்த சுற்றுப்பாதையில் அமைந்தது. அப்பாதைக்குச் செல்லும் விண்ணோடம் சுமக்கக்கூடிய எடை குறைந்ததால், நிலையத்தின் உறுப்புகளைக் கொண்டுசெல்லத் தொட்டியின் எடையைக் குறைப்பது தேவையாயிற்று. அலுமினியத்தில் எடையளவில் 1 விழுக்காடு லித்தியம் சேர்த்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும்; விறைப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடும். செம்பும் லித்தியமும் கலந்த ‘2195’ என்னும் அலுமினியக் கலவையில், அலுமினியம், செம்பு, லித்தியம் மூன்றும் சேர்ந்த தட்டுவடிவத் துகள்கள் வலிமை தருகின்றன. அவற்றின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். இக்கலவையால் செய்த தொட்டி 1998 ஜூனில் எஸ்டிஎஸ்-91 பயணத்தில் முதன்முறை பறந்தது. முந்தைய தொட்டியைவிட அது ஏறத்தாழ 3,400 கிலோகிராம் எடை குறைந்தது. விண்வெளி நிலையத்தின் முதல் உறுப்புகள் அதே ஆண்டின் இறுதியில் விண்ணில் இணைக்கப்பட்டன.

துகளின் அமைப்பை அறிந்து, அதை வரவழைக்கும் வெப்பப் பதமுறையை வகுத்து, அதன் பயனாக எடையைக் குறைத்த இப்பணி, 2000ஆம் ஆண்டின் வரையறைப்படி பார்த்தாலும் நானோ தொழில்நுட்பமே. ஆனால் அது அப்பெயரால் அழைக்கப்படவில்லை. உலோகவியல் என்றே அழைக்கப்பட்டது.

5. சொல் முன், பயன் பின்: கார்பன் நானோகுழாய்

பெயருடன் பிறந்த நானோ பொருளின் பாதை இதற்கு நேர்மாறானது. ஜப்பானின் சுமியோ இஜிமா 1991இல் கார்பன் நானோகுழாய்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. சோவியத் ஆய்வாளர்கள் ராதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும் இத்தகைய நுண்குழல்களின் படங்களை 1952இலேயே வெளியிட்டிருந்தனர். ஆயினும் அவற்றை வரவேற்க அன்று ஒரு துறையோ பெயரோ இல்லை. 1991க்குப் பின், எஃகைப் பன்மடங்கு விஞ்சும் வலிமை, பூமியிலிருந்து விண்ணுக்கு நீளும் ஏணி எனப் பெரும் எதிர்பார்ப்புகள் எழுந்தன.

நடைமுறைப் பயன்பாடு அடக்கமாகவே தொடங்கியது. 2011 ஆகஸ்ட்டில் வியாழன் கோளை நோக்கி ஏவப்பட்ட ‘ஜூனோ’ விண்கலத்தில், நானோகுழாய்த் தாள்கள் நிலைமின்னூட்டத்தால் நேரும் சேதத்தைத் தடுக்கும் காப்பாகப் பயன்பட்டன. அங்கு வேண்டப்பட்டது நானோகுழாயின் மின்கடத்துதிறன்; பெரிதும் பேசப்பட்ட அதன் வலிமை அன்று. வலிமைக்கான சோதனை 2017 மே மாதத்தில் நடந்தது. நானோகுழாய் நூலிழைகளால் சுற்றப்பட்ட வளிமக் கலன் ஒன்றை நாசா ஒரு சிறு ஆய்வு ராக்கெட்டில் அனுப்பிப் பார்த்தது. தனிக் குழாயின் வலிமை பெரிது. கோடிக்கணக்கான குழாய்கள் ஒன்றையொன்று பற்றும் இடங்களின் வலிமையே முழுப்பொருளின் வலிமையைத் தீர்மானிக்கிறது. இவ்விடைவெளியே எதிர்பார்ப்புக்கும் பயனுக்கும் இடையிலான தொலைவு.

6. அளவுகோல்களின் எல்லை

இவ்வாறு பின்னோக்கிச் செல்வதில் ஓர் ஆபத்து உண்டு. நானோ கட்டமைப்பு காணப்படும் இடமெல்லாம் நானோ தொழில்நுட்பம் எனக் கொண்டால், அச்சொல் பொருளிழக்கும். தமிழ் வாசகர்க்கு அறிமுகமான சான்று ஒன்று உள்ளது. தென்னிந்தியாவிலிருந்து ஏற்றுமதியான வூட்ஸ் எஃகோடு தொடர்புடைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக டிரெஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். இதைக் கொண்டு ‘நம் முன்னோர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர்’ என முடிவுகட்டுவது எளிது. மேற்கண்ட அளவுகோல்கள் அம்முடிவை ஒழுங்குபடுத்துகின்றன. அங்கு இருப்பு உண்டு; தரமான எஃகை மீண்டும் மீண்டும் வடித்த கொல்லரின் கைத்திறனில் ஓரளவு கட்டுப்பாடும் உண்டு; நானோ அளவைப் பற்றிய அறிவு இல்லை. ரைட் எந்திரத்தை வார்த்தவர்க்கும் அதே மதிப்பீடுதான் பொருந்தும். இரு தரப்பாரையும் ஒரே கோலால் அளப்பதே ஆய்வு நேர்மை.

அளவெல்லையும் கருதத்தக்கது. பயணிகள் வானூர்திகளின் தாரை எந்திரச் சுழலித் தகடுகளில் உள்ள நிக்கல் உலோகக்கலவைகளும் உட்துகள்களாலேயே வலிமை பெறுகின்றன. ஆனால் அத்துகள்கள் பெரும்பாலும் சில நூறு நானோமீட்டர் அளவுள்ளவை. எனவே கொள்கை ஒன்றேயாயினும் அவை இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

முடிவுரை

குடிமை வான்பயணத்தில் நானோ கட்டமைப்பின் இருப்பு 1903இலும், அறியாக் கட்டுப்பாடு 1906இலும், நேர்ச்சான்றுடன் கூடிய அறிவு 1938இலும், மூன்றும் இணைந்த வடிவமைப்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தோன்றின. 1974இல் பிறந்து 2000இல் அரசுத் திட்டமாக வளர்ந்த சொல், இவ்வரலாற்றின் தொடக்கம் அன்று. அதன் பிற்பகுதியில் இடப்பட்ட தலைப்பு.

இக்காலப்பகுப்பால் இரு பயன்கள் விளைகின்றன. ஒன்று, சொல்லைத் தொடக்கமாகக் கொள்ளும் வரலாறு ஆய்வகத்தையும் அரசு அறிவிப்பையும் மட்டுமே பதிவு செய்கிறது. பொருளைத் தொடக்கமாகக் கொள்ளும் வரலாற்றில் டேட்டன் நகர வார்ப்படத் தொழிலாளரும், பனிக்கட்டிப் பெட்டியருகே நின்ற ரிவெட் தொழிலாளரும் இடம்பெறுகின்றனர். இரண்டு, புதுப்பொருள்களைப் பற்றிய எதிர்பார்ப்பை நிதானப்படுத்த இது உதவுகிறது. டூராலுமினின் வலிமை விளங்க முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. அதன் அரிப்பைத் தடுக்க ஏறத்தாழ இருபதாண்டுகளாயின. நானோகுழாயின் தாமதத்தைத் தோல்வியெனக் கொள்ள வேண்டியதில்லை.

வார்த்துத் தொண்ணூறு ஆண்டுகளாகியும் ரைட் எந்திர உறையின் உலோகத்தில் மாற்றம் நிற்கவில்லை என்பதை அந்த 3 நானோமீட்டர்த் துகள்கள் காட்டின. வானூர்திகளும் விண்கலங்களும் நெடுங்காலம் பயன்பாட்டில் இருப்பவை. அவற்றின் பொருள்கள் உருவான நாளின் நிலையை மட்டும் ஆராய்வது போதாது. பயன்பாட்டுக்காலம் முழுவதும் அவை அடையும் மாற்றத்தையும் தொடர்ந்து ஆராய வேண்டும். அருங்காட்சியகப் பொருள்களை உலோகவியலாளரும் வரலாற்றாய்வாளரும் இணைந்து படிக்கும் முறை தமிழ்ச்சூழலிலும் வளர்ந்தால், எழுத்துச் சான்றுகள் சொல்லாமல் விட்ட தொழில்மரபுகள் பலவற்றை உரிய அளவுகோல்களுடன் மீட்டெழுத இயலும்.